வண்டி எந்த ஊர், வண்டிக்காரர் எந்த ஊர்?

தேனி மாவட்டத்தின் கம்பத்திலிருந்து மலையேறினால் சிறிது நேரத்திலேயே கம்பம்மெட்டு வந்துவிடும். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. விடியுமுன்னரே இந்தச் சாலையில் ஜீப்புகளும் இருசக்கர வாகனங்களும் வரிசையாக ஏறுகின்றன. ஏலத்தோட்டங்களில் காய் பறிக்கவும் களை எடுக்கவும் செல்லும் தொழிலாளர்கள் அவற்றில் பயணம் செய்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். போடிமெட்டிலும் குமுளியிலும் இதே காட்சிதான். மாலையில் அதே வண்டிகள் அவர்களை வீடு கொண்டு சேர்க்கின்றன. வாரத்தில் 6 நாள் தோட்டத்து லயத்தில் தங்கி, ஞாயிறன்று மட்டும் ஊர் திரும்புவோரும் உண்டு.

இவர்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு வந்தார். எங்களிடம் கடன் பெற்று வாங்கிய இருசக்கர வாகனம் அவருடையது. தேனி மாவட்டப் பதிவு எண்ணான டி.என். 60 தாங்கியது. வாரநாள்களில் அவர் உடும்பன்சோலை வட்டத்துத் தோட்டமொன்றில் தங்கி வேலை செய்பவர். மனைவி, மக்கள், குடும்ப அட்டை, வாக்கு எல்லாம் கம்பம் பக்கத்தில். வழியில் ஒருநாள் அவரது வண்டியை நிறுத்திய அலுவலர், ‘இந்த வண்டி எத்தனை மாதமாகக் கேரளத்தில் இருக்கிறது?’ என்று வினவியிருக்கிறார். வாரந்தோறும் வந்து போவதாக இவர் கூறியதற்குச் சான்று கேட்கப்பட்டது. சான்று தேடித்தான் எங்களிடம் வந்தார். “சார், நான் எந்த ஊருன்னு பேங்குல ஒரு கடுதாசி எழுதிக் குடுப்பீங்களா?” என்று அவர் கேட்டார்.

கடன் கணக்கு அறிக்கையையும், எங்கள் ஏட்டில் உள்ள அவரது முகவரியையும் முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதற்குமேல் எழுதித்தர எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆயினும், ஒரு மனிதர் தாம் எந்த ஊர்க்காரர் என்பதற்குத் தமது வண்டிக்காகச் சான்று தேட வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

சட்டம் சொல்வது

முதலில் பரவலாக நிலவும் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுவோம். வேறு மாநிலப் பதிவு எண்ணுடன் வண்டி ஓட்டுவது தன்னளவில் குற்றமன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, இந்தியாவின் ஒரு மாநிலத்தில் செய்யப்பட்ட பதிவு நாடு முழுவதும் செல்லும்.

சிக்கல் 47ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், உரிமையாளர் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அந்தக் காலம் முடிந்த 30 நாள்களுக்குள் படிவம் 27இல் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், பழைய பதிவு அலுவலகத்தில் படிவம் 28 அளித்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். வரி நிலுவை இல்லை என்பதும், வண்டி மீது திருட்டு வழக்கு இல்லை என்பதும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அச்சான்று கிடைக்கும். அடுத்து, குடியேறிய மாநிலத்தில் வரி செலுத்த வேண்டும். பிறந்த மாநிலத்தில் ஏற்கெனவே கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்துக்கு உரிய தொகையைத் தனியே விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும்.

‘வைத்திருக்கப்பட்டால்’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லைப்புறத் தொழிலாளியின் பாடு அடங்கியிருக்கிறது. இரவில் வீடு திரும்பும் வண்டியைக் கேரளத்தில் ‘வைத்திருந்ததாக’ யாரும் சொல்ல இயலாது. வாரத்தில் 6 நாள் லயத்து வாசலில் நின்று, ஞாயிறன்று கம்பத்தில் நிற்கும் வண்டியை எந்த மாநிலத்தில் வைத்திருப்பதாகக் கொள்வது? அது எல்லை கடக்கும் ஒவ்வொரு முறையும் 12 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்குமா? இக்கேள்விகளுக்குச் சட்டத்தின் சொற்களில் நேரடியான விடை இல்லை. விடை இல்லாத இடத்தில், சாலையில் வண்டியை நிறுத்துபவரின் கருத்தே விடையாகிவிடுகிறது. சான்று காட்டும் சுமை, சான்று வைத்திராத மனிதர்மீது விழுகிறது.

இது தமிழர்க்கு மட்டும் நேரும் இடர் அன்று. பாலக்காடு மாவட்டத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். கொழிஞ்ஞாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களிலிருந்து கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுடைய வண்டிகள் கே.எல். 09 என்றோ, சித்தூர் வட்டத்துக்குரிய கே.எல். 70 என்றோ எண் தாங்கியவை. எதிர்த்திசையில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வாளையாறு வழியாகக் கோவைப் பக்கத்திலிருந்து வருவோரும் உண்டு. அட்டப்பாடிக்கு ஆனைகட்டியே வாசல். இங்கெல்லாம் இரு மொழியும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. ஒரே குடும்பத்தில் இரு மாநில முகவரிகள் இருப்பதும் இயல்பு.

எல்லைக் கோட்டினும் பழைய பாதைகள்

இப்பகுதிகளில் மக்களின் போக்குவரத்து மாநில எல்லையினும் மூத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை, பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து கேரளத்துடன் இணைந்தன. இடுக்கி என்னும் மாவட்டம் உருவானது 1972 ஜனவரி 26 அன்றுதான். அதற்கு வெகுகாலம் முன்பே ஏலமலைக்கும் தேயிலை மலைக்கும் தமிழகத்து உழைப்பாளிகள் ஏறிச் சென்றிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில் லயங்களோடு புதையுண்டவர்கள், தலைமுறைகளாக அம்மலையில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எல்லை நெருக்கடிக்கு உள்ளாகும்போதெல்லாம் எண் பலகையே மனிதரின் முகமாகிவிடுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தொடர்பாகப் பதற்றம் நிலவிய நாள்களில், வண்டியின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தே இரு பக்கங்களிலும் வண்டிகள் தாக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வேலையை விட்டு இறங்கி வந்தார்கள். 2020இல் பெருந்தொற்றின்போது இணையவழி அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் சோதனைச் சாவடியில் நின்றார்கள். அவ்விரு வேளைகளிலும் இழப்பு முதலில் வந்து சேர்ந்தது அன்றாடக் கூலி பெறுவோருக்கே.

சரக்குக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதி

2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வாளையாறு உள்ளிட்ட இடங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. வண்டன்மேட்டில் பறித்த ஏலக்காய் இடுக்கியின் புற்றடியில் ஏலம் போனாலும், எல்லைக்கு இப்பால் போடிநாயக்கனூரில் ஏலம் போனாலும் வரி விகிதம் ஒன்றே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டு ஊர்களிலும் நடக்கிறது. காய் தடையின்றி எல்லை கடக்கிறது. அந்தக் காயைப் பறித்தவருடைய வண்டிக்கு மட்டும் இன்னும் இரண்டு வரிகள், இரண்டு ஏடுகள்.

இதற்கு அரசியலமைப்புச் சார்ந்த காரணம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிகளின் மீதான வரி மாநிலப் பட்டியலின் 57ஆம் பதிவில் அடங்கும். தமிழ்நாடு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், கேரளம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் வாகன வரி தண்டுகின்றன. சாலைகளைப் போட்டுப் பராமரிக்கும் மாநிலம், அச்சாலைகளில் ஓடும் வண்டிகளிடம் வரி கேட்பது நியாயமே. வரி குறைவான இடத்தில் பெயருக்கு ஒரு முகவரி காட்டிப் பதிவு செய்து, வண்டியை வேறிடத்தில் ஓட்டும் தந்திரமும் நாம் அறியாததன்று. கேரளத்தில் ஓடிய விலையுயர்ந்த கார்கள் பல புதுச்சேரியில் பதிவானவை என்று 2017இல் எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். அத்தகையோரைத் தடுக்க 47ஆம் பிரிவு தேவைதான்.

எனினும், இலட்சக்கணக்கில் வரி மிச்சப்படுத்த முகவரி மாற்றியவரையும், தமது உண்மையான வீட்டு முகவரியில் பதிந்த பழைய இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவரையும் ஒரே வலையில் பிடிப்பது முறையாகுமா? முன்னவருக்கு அந்த முகவரியில் வீடு இல்லை. பின்னவருக்கு அங்கே வீடு மட்டுமே இருக்கிறது, வேலை இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்காதது

இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி அலுவலர்களாகிய நாங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் பெறுபவர்கள். வண்டியையும் உடன் கொண்டு செல்கிறோம். இந்த அலைச்சலைக் குறைக்க மைய அரசு ‘பாரத்’ வரிசைப் பதிவு எண்ணை உருவாக்கியது. 2021 ஆகஸ்ட் 26 அன்று அறிவிக்கை வெளியாகி, செப்டம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. படைத்துறையினர், மைய–மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் இதனைப் பெறலாம். 15 ஆண்டு வரியை ஒரே தவணையில் கட்டத் தேவையில்லை. இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. எங்களுள் பலர் இதன் பயனை நுகர்கிறோம்.

அதே 2021 ஆகஸ்ட் 26 அன்றுதான் மற்றொரு திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. அது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ‘இ-ஷ்ரம்’ தளம். தோட்டத் தொழிலாளி, கட்டடத் தொழிலாளி, வீட்டுப் பணியாளர் எனப் பலரும் அதில் பதிந்து 12 இலக்க எண் ஒன்றைப் பெற்றார்கள். ஆக, ஒரே நாளில் இடம்பெயரும் அலுவலரின் வண்டிக்கு ஓர் எண்ணும், இடம்பெயரும் தொழிலாளிக்கு ஓர் எண்ணும் பிறந்தன. இந்த இரண்டு எண்களும் இன்றுவரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் தங்கும் எங்களுக்கு நாடு முழுவதும் செல்லும் எண் கிடைத்திருக்கிறது. நாள்தோறும் எல்லை கடக்கிறவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்தும் பேசாதிருப்பது எங்களுக்குப் பொருந்தாது.

பிற நாடுகள் கண்ட வழி

ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே நாம் தயங்கும் ஒன்றை, வெவ்வேறு நாடுகள் தமக்குள்ளே தீர்த்துக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1983இல் வெளியிட்ட நெறிமுறை ஒன்றின்படி, ஓர் உறுப்பு நாட்டின் தனியார் வாகனத்தை மற்றோர் உறுப்பு நாட்டில் வரியின்றித் தற்காலிகமாகப் பயன்படுத்தப் பொதுவாக 12 மாதங்களில் 6 மாதம்வரை இடமுண்டு. ஆனால், வசிக்கும் நாட்டில் பதிவான சொந்த வண்டியில், வீட்டிலிருந்து அடுத்த நாட்டிலுள்ள பணியிடத்துக்கு வழக்கமாகச் சென்று வருவோருக்குக் கால வரம்பே இல்லை என அந்நெறிமுறை தனியாக வகுத்தது.

நம் தமிழர்கள் பலர் நேரில் அறிந்த இடம் ஜோகூர் பாலம். 1924இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில், மலேசியப் பதிவு கொண்ட இருசக்கர வாகனங்கள் நாள்தோறும் அதிகாலையில் சிங்கப்பூருக்குள் வேலைக்குச் செல்கின்றன. சிங்கப்பூரில் குடியிருப்போர் அயல்நாட்டுப் பதிவு வண்டியை அங்கே ஓட்ட இயலாது. அதில் அந்நாடு மிகக் கண்டிப்பானது. மலேசியாவில் வாழ்ந்து, வேலைக்காக வந்து திரும்புவோருக்கோ நுழைவு அனுமதியும் கட்டணமும் உண்டு, வழி அடைக்கப்படவில்லை. இரண்டு ஏற்பாடுகளும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: அந்த மனிதரின் வீடு எங்கே இருக்கிறது? நம் சட்டமோ வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்கிறது.

நாம் வேண்டுவது

வங்கித் துறையிலேயே இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் வாடிக்கையாளர் ஒரு கிளைக்குச் சொந்தமானவராக இருந்தார். அடுத்த ஊர்க் கிளையில் அவருக்குப் பணம் கிடைக்காது. மையக் கணினி வங்கிமுறை வந்தபின் அவர் வங்கிக்கே உரியவரானார். முகவரி விஷயத்திலும், ஆதாரில் உள்ள முகவரியிலன்றி வேறிடத்தில் வசிப்பவர், தற்போதைய முகவரியைத் தாமே உறுதிமொழியாக எழுதித் தந்தால் ஏற்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. பணத்தைக் கையாளும் இடத்திலேயே மனிதரின் சொல்லை நம்ப இயலுமெனில், வண்டி விஷயத்தில் இயலாதா? குடும்ப அட்டையும் இன்று நாடு முழுவதும் செல்கிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று: எல்லை மாவட்டங்களில் வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றதிலுமாக வாழ்வோர், வேலைக்குச் சென்று வரும் வண்டியை 47ஆம் பிரிவின் பொருளில் ‘வைத்திருப்பதாக’க் கருதலாகாது எனத் தெளிவுபடுத்த வேண்டும். வீட்டு முகவரிச் சான்றும், தோட்ட உரிமையாளர் அல்லது பணி தருபவரின் சீட்டும், தொழிலாளியின் உறுதிமொழியும் அதற்குப் போதுமானவை. இரண்டு: உண்மையாகவே குடிபெயர்ந்தவருக்கு, எஞ்சிய வரியை ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்துக்கு நேரடியாக மாற்றிவிடும் ஏற்பாடு வேண்டும். முழு வரியைக் கட்டிவிட்டுப் பழைய வரியைத் திரும்பக் கேட்டு அலையும் வலிமை கூலித் தொழிலாளிக்கு இல்லை. மூன்று: பாரத் வரிசைக்கான தகுதியை, ‘இ-ஷ்ரம்’ பதிவும் அயல்மாநிலப் பணிச்சான்றும் உள்ள தொழிலாளியின் இருசக்கர வாகனத்துக்கும் விரிவாக்க வேண்டும். இரண்டாண்டுத் தவணையில் வரி கட்டும் வசதி எங்களைக் காட்டிலும் அவர்களுக்கே அதிகம் பயன்படும்.

நம் கையில் உள்ளவை

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவையும் உள்ளன. முதலில் வங்கியின் கடமை. கடனில் உள்ள வண்டிக்குப் புதிய பதிவு எண் பெற, கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்று தேவை. விண்ணப்பம் பெற்ற 7 நாள்களுக்குள் வங்கி அதனைத் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிடில் சான்று தரப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது 51ஆம் பிரிவு. ஆகவே விண்ணப்பத்தைத் தேதியிட்டு அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கிளையில் உள்ள எங்கள் சக அலுவலர்களும் இதை நினைவிற் கொள்ள வேண்டும்; எங்கள் மேசையில் கிடக்கும் ஒரு தாள், எல்லைச் சாலையில் ஒருவருடைய கூலிநாளை விழுங்கிவிடக் கூடும். பதிவு அலுவலகமும் தனது தடையின்மைச் சான்று குறித்து 30 நாள்களுக்குள் முடிவைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிடில் 48ஆம் பிரிவு அதையும் தந்ததாகவே கொள்கிறது. கடன் முழுதும் தீர்ந்ததும் படிவம் 35 அளித்துப் பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிவிடுதல் நலம். அது நீங்காமல் விற்கவோ மாற்றவோ முற்படும்போதுதான் பலர் இடர்ப்படுகிறார்கள்.

அடுத்து, வாடிக்கையாளர்களின் கடமை. எல்லைப்புற ஊர்களில் அறிமுகமானவரிடம் பழைய வண்டி வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டும் வழக்கம் மிகுதி. விற்றவர் தமிழ்நாட்டில், வாங்கியவர் கேரளத்தில் என்றால் அலைச்சலுக்கு அஞ்சி இருவரும் விட்டுவிடுகிறார்கள். விபத்து நேர்ந்தால், ஏட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையைவிட்டுப் போன வண்டிக்காகப் பழைய உரிமையாளர் இழப்பீடு கட்ட நேரிடும். வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஜீப் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வெள்ளைப் பலகை ஜீப்பில் கட்டணம் பெற்றுத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்று, மலைப்பாதையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க வழியுண்டு. அப்போது இழப்பு, காலையில் சோற்றுத் தூக்குடன் ஏறி அமர்ந்த பெண்களின் குடும்பங்களுக்குத்தான். வாடகை வண்டியாகப் பதிவு செய்து, இரு மாநிலங்களுக்கும் உரிய அனுமதியும் காப்பீடும் பெற்று ஓட்டுங்கள். மஞ்சள் பலகைக்கு மாறுவதற்குச் செலவு உண்டு என்பதை அறிவோம். அதற்கெனக் கடன் தேவைப்பட்டால் கிளையை அணுகத் தயங்க வேண்டாம்.

சான்று கேட்டு வந்த அந்த வாடிக்கையாளர் தமது கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்துவிட்டார். அவருக்குக் கடன் கொடுத்தபோது அவர் எந்த ஊர்க்காரர் என்பதில் எங்களுக்கு ஐயம் எழவில்லை. கடன் படிவத்தில் வீட்டு முகவரி ஒரு கட்டத்திலும் பணியிட முகவரி மற்றொரு கட்டத்திலும் இருந்தன. இரண்டையும் படித்துப் பார்த்து, இரண்டையும் மெய்யென ஏற்றோம். வாகனப் பதிவேட்டிலும் அந்த இரண்டாவது கட்டத்துக்கு இடம் வேண்டும் என்பதே நாம் கேட்பது.